ஜெப நேரத்தில் விழுந்த உலக உருண்டை

ஜெபம் பண்ணும்போது கண்ணை மூட வேண்டும் என்று வேதம் கட்டளையிடுவதாகப் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு ஆதாரம் எதுவும் இல்லை என்பதை மிகுந்த பொறுப்புணர்ச்சியோடு இங்கே தெரிவிக்க வேண்டியிருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை நான்கு முறை வாசித்திருக்கிறேன்; நான்காவது முறை இதற்காகவே, பென்சிலும் கையுமாக. முழங்காலில் நின்று ஜெபித்தவர்கள் இருக்கிறார்கள், முகங்குப்புற விழுந்து ஜெபித்தவர்கள் இருக்கிறார்கள், மார்பில் அடித்துக்கொண்டு ஜெபித்தவர் இருக்கிறார், மீனின் வயிற்றுக்குள்ளிருந்து ஜெபித்தவரும் ஒருவர் இருக்கிறார். கண்ணை மூடியதாக ஒருவரைப் பற்றியும் எழுதியிருக்கவில்லை. மீனுக்குள் இருந்தவர் மூடியிருக்கலாம், ஆனால் அந்த இடத்தில் மூடுவதும் திறப்பதும் ஒன்றுதான். ஆண்டவரே கண்களை வானத்துக்கு ஏறெடுத்துத்தான் ஜெபித்திருக்கிறார். அப்படியானால் மூடச் சொன்னது யார்? என் அனுமானம், ஏதோ ஒரு காலத்தில் ஏதோ ஓர் ஊரில் முப்பது நாற்பது பிள்ளைகளை ஒன்றாக வைத்துக்கொண்டு திண்டாடிய ஓர் ஆரம்பப்பள்ளி ஆசிரியை. என்னைப் போன்ற ஒருத்தி. இந்த ஆராய்ச்சியின் முடிவை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாததோடு நிற்கவில்லை, போன ஜனவரியில் கிங்ஸ்டன் கண்ணைத் திறந்தான் என்று அவனை முட்டிபோட வைத்தேன், கால் மணி நேரம். இப்போது மூன்றாம் பீரியட், பதினொன்று இருபது, வியாழக்கிழமை, ஐந்தாம் வகுப்பு, நற்பண்பு. பன்னிரண்டு மணிக்கு மணி அடிக்கும். மணி அடித்ததும் தலைமையாசிரியை ஹெப்சிபா மிஸ் வருவார். வருகைப் பதிவேட்டுக்குள் மடித்து வைத்திருக்கும் விடுதி விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு போவார். அதில் ஒரு கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது.

"நற்பண்பு என்றால் என்ன?" என்று கேட்டால் முப்பத்துநான்கு பிள்ளைகளும் ஒரே ராகத்தில், "நல்ல பண்பே நற்பண்பு டீச்சர்" என்கிறார்கள். அதில் பிழை சொல்ல முடியாது. ஆசிரியர் கையேடு ஒன்பதாம் பாடம் என்கிறது: உண்மை பேசுதல். இந்தக் கையேட்டைத் தயாரித்த குழுவில் யாரும் ஆரம்பப்பள்ளியில் வேலை பார்த்ததில்லை என்பது என் இன்னொரு அனுமானம். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கதை, கதைக்கு மூன்று கேள்வி, கடைசியில் 'மாணவர்கள் அமைதியாகத் தீர்மானம் எடுப்பார்கள்' என்று ஒரு வரி. எல்லாரும் விரலை வாயில் வைக்கலாம் என்கிறேன், முப்பத்துநான்கு ஆள்காட்டி விரல்களும் உதட்டுக்குப் போகின்றன. விரல் வாயில் இருக்கும் பிள்ளை பேசாது என்பதும் அப்படியொரு நம்பிக்கைதான். கிங்ஸ்டன் விரலை எடுக்காமலே முழு வாக்கியம் பேசுவான், ஆணி அடித்த பலகைக்குப் பின்னாலிருந்து பேசுகிற மாதிரி. கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்பிட்டு லீடர் பியூலா அவன் பெயரை ஏற்கெனவே எழுதியிருக்கிறாள்; பக்கத்தில் 'அடங்கவில்லை' என்றும் இருக்கிறது. இன்னொரு தரம் பேசினால் 'மிக மிக அடங்கவில்லை' ஆகும். அதற்கு மேல் என்ன செய்வது என்று பியூலாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் கதையை வாசிக்கிறேன். சாமுவேல் என்ற சிறுவன் பந்து விளையாடும்போது கண்ணாடி ஜாடியை உடைத்துவிட்டான். யாரும் பார்க்கவில்லை. கையேடு சர்வசாதாரணமாகச் சொல்கிறது, யாரும் பார்க்கவில்லை என்று. அதை எழுதியவருக்கு யாரும் பார்க்கவில்லை என்பது எப்படித் தெரியும்? என் கண் அந்த வரியை விட்டுத் தானாகக் கதவுப் பக்கம் போகிறது. கதவோரத்தில், பெஞ்சில் இல்லாமல் தரையில், பையை மடியில் வைத்துக்கொண்டு சுடலைவடிவு உட்கார்ந்திருக்கிறாள். திங்கள், செவ்வாய், புதன், இன்று, நான்காம் நாள். அவள் விரலும் வாயில்தான் இருக்கிறது.

திங்கட்கிழமை நடந்ததை வரிசையாகச் சொல்லிப் பார்த்தால் அதில் குழப்பம் ஒன்றும் இல்லை. வரிசையாகச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். வாரத்தின் முதல் நாள் தலைமையாசிரியர் ஒரு வகுப்பில் ஜெபம் நடத்துவது எங்கள் பள்ளியில் வழக்கம்; அன்று எங்கள் முறை. ஹெப்சிபா மிஸ் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். மேஜையின் நுனியில் உலக உருண்டை. பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது, அதில் இன்னும் சோவியத் ரஷ்யா இருக்கிறது, மிஸ்ஸுக்கு அதன் மேல் தனிப் பிரியம், துடைப்பதற்கென்றே ஒரு மஞ்சள் துணி வைத்திருக்கிறார். மிஸ் நல்ல மனுஷி. அதையும் சொல்ல வேண்டும். ஜெபம் என்று வந்துவிட்டால் மனப்பாடமாக ஒப்பிக்க மாட்டார், ஒவ்வொரு பிள்ளையின் வீட்டையும் நினைத்து ஜெபிப்பார், குரல் ஏற ஏறக் கையும் ஏறும். உப்பளத்தில் வேலை செய்கிற தாய்மார்களுக்காகவும் அன்று ஜெபித்தார். "அவர்கள் பாதங்களைக் காத்தருளும்" என்று சொல்லிக் கையை அகல விரித்தபோது, வலது முழங்கை உருண்டையின் மேல், ஏறத்தாழ கிரீன்லாந்தின் பக்கமாக, இடித்தது. உருண்டை சாய்ந்தது. முதல் பெஞ்சிலிருந்த வடிவு எழுந்து பாய்ந்து அதை இரண்டு கையாலும் பிடித்தாள். தாங்கி மட்டும் பிடியிலிருந்து நழுவித் தரையில் மோதி, வளைவுக் கம்பி முறிந்துபோனது. சத்தம் கேட்டு எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். அல்லது திறந்ததாகக் காட்டினார்கள். அப்போது அவர்கள் கண்டது, கையில் உலகத்தை ஏந்திக்கொண்டு சுடலைவடிவு நின்றதை. வேறொன்றையும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்த விசாரணை பூரணமானது, எந்தச் சட்டப் புத்தகத்திலும் சேர்க்கலாம். "உருண்டையை எதுக்குத் தொட்ட?" "விழுந்துச்சு மிஸ், புடிச்சேன்." "ஜெபத்துல கண்ணை மூடிக்கிட்டு இருந்தியா, தொறந்திருந்தியா?" "மூடித்தான் மிஸ்." "மூடியிருந்தவளுக்கு அது விழுந்தது எப்படித் தெரியும்?" வடிவு பதில் சொல்லவில்லை. "அப்ப தொறந்திருந்த. ஜெபத்துல விளையாட்டு, ஒடைச்சது, பொய் வேற." மிஸ் வகுப்பைப் பார்த்து, "வேற யாராவது பாத்தீங்களா?" என்றார். முப்பத்துமூன்று பேரும், "இல்ல மிஸ், கண்ண மூடியிருந்தோம் மிஸ்" என்றார்கள், நல்ல பண்பே நற்பண்பு என்ற அதே ராகத்தில். இந்த ஏற்பாட்டின் அழகை நான் நான்கு நாளாக வியந்துகொண்டிருக்கிறேன். சாட்சி சொல்ல வருகிறவன் சாட்சி சொன்ன மாத்திரத்தில் குற்றவாளி ஆகிவிடுகிறான். குற்றமில்லாதவன் எதையும் பார்த்திருக்க முடியாது. எங்களுடையதைப் போன்ற பள்ளிக்கூடத்தில் மட்டுமே இப்படியொரு வழக்கு நடக்க முடியும். உருண்டையை ஹாக்கி மட்டையால் அடித்திருந்தாலும் யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் எதையாவது பார்த்தேனா என்று மிஸ் கேட்கவே இல்லை. ஆசிரியையிடம் அப்படிக் கேட்பது மரியாதை இல்லை. நான் கண்ணை மூடியிருந்திருப்பேன் என்பது அவருக்கு ஆமென் மாதிரி உறுதி.

"டீச்சர், சாமுவேலோட அம்மா அடிச்சாங்களா?" கிங்ஸ்டன் விரலை எடுக்காமல் கேட்கிறான். கதையைப் பாதியில் நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது. வாசிக்கிறேன். சாமுவேல் அம்மாவிடம் போய் உண்மையைச் சொன்னான், அம்மா அவனைக் கட்டிக்கொண்டு மிட்டாய் கொடுத்தார். "மிட்டாயா?" என்று பின்பெஞ்சில் ஒரு குரல் நம்பிக்கையின்றிக் கேட்கிறது. "எங்கம்மான்னா வெளக்கமாறுதான் டீச்சர்." சிரிப்பு. பியூலா சாக்பீஸோடு எழுகிறாள். "இரு பியூலா, எழுத வேண்டாம்." இருபத்தாறு வருட ஊழியத்தில், உண்மை சொன்னதற்காக மிட்டாய் வாங்கிய பிள்ளை ஒன்றைக்கூட நான் கண்டதில்லை என்பதை இந்த இடத்தில் சொல்லலாம், ஆனால் கையேட்டில் அதற்கு இடம் விடவில்லை. நான் வாங்கியது அறை. ஒன்பது வயது, ஞாயிறு பள்ளி, போதகர் ஐயா நீண்ட ஜெபத்தின் நடுவே ஒரு கண்ணைத் திறந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி மூடினார், குரல் ஒரு சுருதிகூட மாறவில்லை. அதைப் பெரிய கண்டுபிடிப்பாக நினைத்து வீட்டில் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அப்பா கேட்ட கேள்வி, "நீ எப்படிப் பார்த்த?" பதில் சொல்லும் முன்பே கன்னத்தில் விழுந்துவிட்டது. இடது கன்னம். வலது கன்னத்தைத் திருப்பிக் காட்ட வேண்டும் என்பது ஞாபகம் வந்தது, காட்டவில்லை. அன்றைக்குக் கற்றுக்கொண்டது உண்மை பேசுவதும் அல்ல, கண்ணை மூடுவதும் அல்ல. பார்ப்பதை நிறுத்த வேண்டியதில்லை, சொல்வதை நிறுத்தினால் போதும். அந்தப் பாடம் என்னிடம் நாற்பத்தைந்து வருடமாக அழியாமல் இருக்கிறது. ஒரே அறையில் நடத்தி முடித்துவிட்டார் அப்பா, கையேடு எதுவும் இல்லாமல்.

அதிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆசிரியை ஆன பிறகு அதற்கு ஒரு நியாயமும் கிடைத்தது: யார் கண்ணைத் திறக்கிறார்கள் என்று யாராவது கவனிக்க வேண்டுமே. காவலுக்கு நிற்கிறவன் தூங்கக் கூடாது அல்லவா. ஜெபத்தில் மனித முகங்கள் மிகவும் நன்றாக இருக்கும், அதை மூடிய கண்ணோடு நிற்பவர்கள் அறிய மாட்டார்கள். கிங்ஸ்டனின் இமை, குழம்புச் சட்டியின் மூடி மாதிரித் துடிக்கும். பியூலா புருவத்தைச் சுளித்து இறுக மூடுவாள், ஏதோ கசப்பு மருந்து குடிக்கிறவள்போல. மூன்றாம் வகுப்பு டீச்சர் சேலை மடிப்பைச் சரிசெய்வார். ஹெப்சிபா மிஸ் ஒருநாளும் திறந்ததில்லை, இத்தனை வருடத்தில் ஒரே ஒரு தடவைகூட இல்லை, அதற்கு நான் சாட்சி. சாட்சி. இந்த வார்த்தையை வேண்டுமென்றே தேடிப்போய் எடுத்தேனா, தானாக வந்ததா? ஜூன் மாதத்தில், பள்ளி திறந்து இரண்டாவது நாளோ மூன்றாவது நாளோ, எல்லா முகங்களையும் இப்படி மேய்ந்துகொண்டு போன என் கண் முதல் பெஞ்சில் முட்டி நின்றது. இரண்டு கண்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன, அகலமாக, பயமே இல்லாமல். சுடலைவடிவு. நான் சட்டென்று மூடிக்கொண்டேன். டீச்சர் நான், மூடிக்கொண்டது நான். மறுநாள் ஓரக்கண்ணால் பார்த்தேன், அவளும் பார்த்தாள். நான் அவளைத் தண்டிக்கவில்லை, தண்டிக்க வேண்டுமென்றால் காரணம் சொல்ல வேண்டும். அதற்கப்புறம் அது தினமும் நடந்தது. ஜெபம் தொடங்கிப் பத்து விநாடிக்குள் ஒரு பார்வை, நான் இருக்கிறேன் நீ இருக்கிறாயா என்பது மாதிரி, பிறகு இரண்டு பேரும் மரியாதையாக மூடிக்கொள்வோம், கொஞ்ச நேரத்துக்கு.

ஆகவே அவளுக்குத் தெரியும். நான்கு நாளாக எந்தப் பக்கம் சுற்றிப் போனாலும் நான் வந்து இடறுகிற கல் இதுதான். உருண்டை சாய்ந்தபோது நான் மிஸ்ஸின் முழங்கையைப் பார்த்தேன், வடிவு பாய்ந்ததைப் பார்த்தேன், நான் பார்ப்பதை வடிவு பார்த்தாள். "மூடியிருந்தவளுக்கு எப்படித் தெரியும்?" என்று மிஸ் கேட்டபோது அவள் பதில் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாள். கெஞ்சலாக இல்லை. வரிசையில் நமக்கு முன்னால் நிற்கிறவர் நகரட்டும் என்று காத்திருப்போமே, அப்படி. நான் நகரவில்லை. மேஜைமேல் இருந்த சாக்பீஸ் டப்பாவை ஒழுங்குபடுத்தினேன், அது ஒழுங்காகத்தான் இருந்தது. 'டீச்சரும் பாத்தாங்க மிஸ்' என்று அவள் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பத்து வயதுப் பிள்ளை, விடுதி இடம் போகப்போகிறது, நான்கு நாள் தரையில் உட்கார்ந்திருக்கிறாள், இன்னும் சொல்லவில்லை. பயமா? பயமாக இருந்தால் நன்றாக இருக்கும், பயத்தை எனக்கு நன்றாகத் தெரியும். சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள் என்ற கணக்கா? அல்லது என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று, டீச்சர் ஆச்சே, பாவம், என்று? இந்த மூன்றாவதை நினைக்கும்போது கை மறுபடி சாக்பீஸ் டப்பாவை ஒழுங்குபடுத்தப் போகிறது.

"டீச்சர்." பியூலா எழுந்து நிற்கிறாள். "சொல்லு." "ஜாடியை வேற ஆளு ஒடைச்சு, சாமுவேல் சும்மா பாத்துக்கிட்டு மட்டும் இருந்து, கடைசி வரைக்கும் ஒண்ணுமே சொல்லலன்னா, அது பொய்யா டீச்சர்?" இறுக மூடுகிற பியூலா. அந்தப் புருவச் சுளிப்புக்குள் ஒரு கீற்று எப்போதும் திறந்திருந்திருக்குமோ? இந்த வகுப்பில் எத்தனை பேர் பார்த்தார்கள்? "நல்ல கேள்வி" என்கிறேன். ஆசிரியர்கள் நல்ல கேள்வி என்றால் பதில் தெரியவில்லை என்று அர்த்தம். ஆனால் எனக்குப் பதில் தெரியும், அதுதான் தொல்லை. பொய்ச்சாட்சி கூடாது என்ற கட்டளையை எல்லாப் பிள்ளைகளும் ஒப்பிப்பார்கள்; வாயைத் திறக்காத சாட்சியைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை என்று ஒரு வக்கீல் வாதாடலாம், திங்கள் இரவு முழுக்க நானே அந்த வக்கீலாக இருந்தேன். ஆனால் ஆசாரியர்களுக்கான சட்டங்கள் வருகிற பகுதியில், பலி, கொழுப்பு, குஷ்டரோகம் என்று யாரும் வாசிக்காமல் தாண்டிப் போகிற பக்கங்களில், கண்டதைக் கண்டவன் சொல்லாமல் விட்டால் அந்தக் குற்றத்தை அவன்தான் சுமக்க வேண்டும் என்று இருக்கிறது. பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன், வேறு ஆராய்ச்சிக்காகப் போனபோது. "டீச்சர், அவன் ஏன் பாத்துக்கிட்டு இருந்தான், படிக்க வேண்டியதுதானே" என்று கிங்ஸ்டன் வேறு சொல்கிறான். "பொய் இல்லை" என்கிறேன் பியூலாவிடம். "ஆனா அதுக்கு வேற பேரு இருக்கு." "என்ன பேரு டீச்சர்?" "நாளைக்குச் சொல்றேன், உட்காரு." பதினொன்று நாற்பத்திரண்டு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வடிவின் அம்மா வந்திருந்தார். வாசல் கேட்டுக்கு உள்ளே வரவில்லை; கால் வெள்ளை வெள்ளையாக வெடித்திருந்தது, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார், எதற்கென்று தெரியவில்லை, எங்கள் பள்ளி வளாகத்தில் வெறும் மணல்தான். "டீச்சர், தை கழிஞ்சா நாங்க அளத்துக்கே குடி போயிருவோம், ஒம்பது மாசம். அங்க பள்ளிக்கூடமும் இல்ல, பஸ்ஸும் இல்ல. அந்த ஆஸ்டல் எடம் கெடச்சாத்தான் இவ ஆறாப்பு. இல்லன்னா எங்கூட வந்து உப்பு வாரணும்." நான் முயற்சி பண்றேன் என்றேன். அது பொய்யில்லை, முயற்சிக்கு அளவு எதுவும் சொல்லவில்லை. போகும்போது திரும்பி நின்று, "அவ ஒடைக்க மாட்டா டீச்சர். எதுவும் விழுறதப் பாத்தா கை சும்மா இருக்காது, புடிச்சிருவா. எளையவன் கட்டில்லருந்து உருண்டப்பவும் அவதான் புடிச்சா. தூங்கிக்கிட்டு இருந்தவ, எப்பிடி எந்திரிச்சான்னே தெரியல" என்றார். அதைச் சிரித்துக்கொண்டு சொன்னார், நானும் சிரித்தேன். நடத்தை என்ற கட்டத்தில் நான்கு வகையில் ஒன்றை எழுதச் சொல்கிறது விடுதியின் விதி: மிக நன்று, நன்று, திருப்தி, திருப்தியில்லை. கடைசி வகைக்காரிகளை வார்டன் சேர்க்க மாட்டார், மேல்முறையீடு கிடையாது. நேற்று மிஸ் என்னைக் கூப்பிட்டு, "வருத்தமாத்தான் இருக்கு டீச்சர், ஏழைப் புள்ள. ஆனா ஒடைச்சதக்கூட விட்டுரலாம், இன்ன வரைக்கும் ஒத்துக்க மாட்டேங்குறா பாருங்க. மனந்திரும்பாதவள நல்லவள்னு எழுதுனா அது நாம சொல்ற பொய். திருப்தியில்லைன்னு போட்டுருங்க" என்றார். கண் கலங்கித்தான் சொன்னார். நடிப்பு இல்லை. ஒரு பொய்யும் எழுதக் கூடாது என்பதில் அவர் காட்டிய அக்கறை உண்மை, எழுதச் சொன்னது பொய்; இதில் வில்லன் என்று சுட்டிக்காட்ட ஓர் ஆளைத் தேடினால் மேஜைக்கு இந்தப் பக்கம் கையேட்டோடு நிற்கிறவள்தான் அகப்படுகிறாள்.

கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லிவிட்டேன், தலைகள் எல்லாம் குனிந்திருக்கின்றன. ஜன்னலில் ஓணான் ஒன்று தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறது, எதற்கோ சம்மதம் சொல்கிற மாதிரி. பேனாவை எடுக்கிறேன். 'நன்று' என்று எழுதி ஒன்றும் சொல்லாமல் மடித்துக் கொடுத்துவிடலாமா? மிஸ் பிரித்துப் படித்துத்தான் கையெழுத்துப் போடுவார். 'திருப்தி' என்று எழுதி, மன்றாடி, ஏழைப் பிள்ளை மிஸ் என்று சொன்னால் ஒருவேளை ஒப்புக்கொள்வார். வடிவு மன்னிக்கப்பட்டவளாக விடுதிக்குப் போவாள், செய்யாத ஒன்றுக்காக. நான் இரக்கமுள்ள டீச்சர் ஆவேன். இந்த வழி எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதே அதைப் பற்றிய சந்தேகத்துக்குப் போதுமானது. எதற்குப் பயப்படுகிறேன்? வேலை போகாது. சம்பளம் குறையாது. மே மாதம் மிஸ் ஓய்வு பெறுகிறார், அடுத்தது நான்தான், அதுவும் போகாது, சீனியாரிட்டிக்குக் கண் இமை கிடையாது. பயம் கிங்ஸ்டன்மேல். சிரிக்காதீர்கள் என்று யாரிடமோ சொல்கிறேன். ஜனவரியில் முட்டி போட்டபோது அவன், "டீச்சர், நான் தொறந்தத நீங்க எப்பிடிப் பாத்தீங்க?" என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அந்தக் கேள்வி அவன் முகத்தில் ஒரு கணம் வந்தது, எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, வந்து, டீச்சர் அப்படிச் செய்ய மாட்டார் என்று தானாகவே அணைந்தது. அதை அணைய விட்டுத்தான் இருபத்தாறு வருடமாக வகுப்பு நடத்தியிருக்கிறேன். முப்பத்துநான்கு பேருக்கு முன்னால் அது மறுபடி எரிந்தால் அப்புறம் நான் எந்த முகத்தோடு 'கண்ணை மூடுங்கள்' என்பேன்? வடிவு நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள், தரையில் குனிந்து, நோட்டைத் தொடைமேல் வைத்து. மூன்றாவது கேள்வி: இந்த நிலையில் நீங்கள் என்ன செய்வீர்கள்? அவள் என்ன எழுதுகிறாள் என்று இங்கிருந்து தெரியவில்லை. எழுந்து போய்ப் பார்க்கலாம். போகவில்லை.

மணி. இன்னும் இரண்டு நிமிடம் இருக்கிறது என்றல்லவா நினைத்தேன், பியூன் கடிகாரம் எப்போதும் வேகம். மிஸ் வந்துவிட்டார், வாசல்படியில் வடிவைத் தாண்டி, சேலை அவள்மேல் படாமல் ஒதுக்கிக்கொண்டு. எல்லாரும் எழுந்து, "வணக்கம் மிஸ்." "உட்காருங்க. எழுதிட்டீங்களா டீச்சர்? பன்னெண்டரை பஸ்ஸுல ஆள் போறாங்க." விண்ணப்பத்தை எடுக்கிறேன். கட்டம் காலி. "இன்னும் எழுதலியா?" "மிஸ், அந்த உருண்டை உங்க முழங்கை பட்டுத்தான் விழுந்துச்சு." என் குரல்தான். பாடம் நடத்துகிற அதே குரல், சோவியத் ரஷ்யாவின் தலைநகரம் எது என்று கேட்கிற குரல். மிஸ் புரியாமல் சிரித்தார். "யாரு சொன்னா, இவளா?" "இவ ஒண்ணும் சொல்லல மிஸ். நான் பாத்தேன்." "எப்ப?" "விழும்போது." "ஜெபத்துலயா?" "ஜெபத்துலதான் மிஸ்." பின்பெஞ்சில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். மிஸ்ஸின் முகத்திலிருந்து சிரிப்பு மெதுவாகப் போனது, போன இடத்தில் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. "கண்ணத் தொறந்திருந்தீங்களா?" "ஆமா மிஸ்." "அன்னிக்கு மட்டுமா?" இங்கே ஒரு சின்னப் பொய்க்கு இடம் இருந்தது, அருமையான இடம். "இல்ல மிஸ். இருபத்தாறு வருஷமா." "டீச்சர் மிக மிக..." என்று கிங்ஸ்டன் ஆரம்பித்தான், பியூலா, "வாய மூடுல" என்று அடித்தொண்டையில் சொன்னாள். ஹெப்சிபா மிஸ் தன் வலது கையை மடக்கி முழங்கையைப் பார்த்தார். முழங்கையை யாராலும் சரியாகப் பார்க்க முடியாது. தோளைத் திருகி, கழுத்தை வளைத்து, கொஞ்ச நேரம் முயற்சி செய்தார். "அன்னைக்கி வலிச்சுது" என்றார், யாரிடமும் இல்லாமல். "கதவுல இடிச்சிருப்பேன்னு நெனச்சேன்."

நான் 'மிக நன்று' என்று எழுதினேன். மிஸ் அதைப் படித்தார், பேனாவை என்னிடமிருந்தே வாங்கி மேஜைமேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார், தேதி போட்டார். விண்ணப்பத்தை மடித்துக்கொண்டு வாசல்வரை போய் நின்றார். "வடிவு." "மிஸ்." "எடத்துல போயி உக்காரு." அவ்வளவுதான் சொன்னார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார். வடிவு பையை எடுத்துக்கொண்டு முதல் பெஞ்சுக்கு வந்தாள், பாவாடையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினாள், பக்கத்துப் பிள்ளை நகர்ந்து இடம் விட்டது. என்னை நிமிர்ந்து பார்ப்பாள் என்று நினைத்தேன். சாப்பாட்டுத் தட்டைத் தேடிப் பைக்குள் கையை விட்டுக்கொண்டிருந்தாள். "டீச்சர், நானும் ஜனவரியில..." என்று கிங்ஸ்டன் எழுந்தான், விரலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, முதல் தடவையாக. "ஆமா" என்றேன். "உன்னைய முட்டி போட வச்சது தப்பு." அவன் இந்தப் பதிலை எதிர்பார்த்திருக்கவில்லை, கேட்க நினைத்தது வேறு ஏதோவாக இருந்திருக்கும், உட்கார்ந்துகொண்டான்.

அடுத்த திங்கட்கிழமை ஜெபம் நான்காம் வகுப்பில். அந்த அறை பெரியது என்று எங்கள் வகுப்பையும் அங்கே கூட்டிப் போனோம். ஹெப்சிபா மிஸ் எல்லாருடைய வீடுகளையும் நினைத்து ஜெபித்தார், குரல் வழக்கம்போல ஏறியது. முதல் வார்த்தையிலிருந்து ஆமென் வரைக்கும் கைப்பையை வயிற்றோடு சேர்த்து இரண்டு கையாலும் பிடித்தபடியே நின்றார்.